கண் ஒன்று குறைவு

கிட்ட வந்து இருங்கோ. அரசாங்க விஷயம், சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது.

கொழும்பில் ஒரு கல்லூரி. அதற்குள் ஒரு அருங்காட்சியகம். அங்கே ஒரு கனவுப் படம் தொங்கியது. மீன் தலை வைத்த குடை படியேறிப் போகும். முள்ளில்லாத மணிக்கூடு அதைப் பார்த்துச் சிரிக்கும். எல்லாம் அச்சு. மீனின் கண் மட்டும் மெய்யான சட்டைப் பொத்தான், பசையால் ஒட்டியது. போன கிழமை அது விழுந்து எங்கேயோ தொலைந்துவிட்டது.

அந்த அறையைக் கூட்டித் துடைத்துக் காவல் இருப்பவள் கிராண்ட்பாஸ் பக்கமிருந்து வரும் பீபி. அடுத்த மாதம் அவளுக்குப் பென்ஷன். அதற்குள் வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பு வந்து நின்றது. பொறுப்பில் ஒரு சாமான் குறைந்தாலும் பென்ஷன் கோப்பு அசையாது என்பது சுற்றறிக்கை.

கணக்கெடுக்க வந்தவர் பெரிய உத்தியோகத்தர் பாலசுந்தரம். வெள்ளவத்தையில் புரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. லிஸ்ட்டை விரித்தார். முன்னொரு காலத்துக் கிளாக்கர், படத்தில் கண்டதையெல்லாம் தனித்தனிச் சாமானாகப் பதிந்து வைத்திருந்தார்.

“குடை ஒண்டு. விரியுமோ?”

“படம் சேர்.”

“விரியாது. பழுது. மணிக்கூடு ஒண்டு. முள்ளில்லை. பாவனைக்கு உதவாது. மீன் ஒண்டு…” மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். “நல்ல நிலையில் உள்ளது. பொத்தான் ஒண்டு, வெள்ளை, நாலு ஓட்டை. எங்கை?”

பீபி மேசையிலிருந்த பசைப் போத்தலை நகர்த்தித் தேடுவதுபோல் காட்டினாள்.

கலை விரிவுரையாளர் ஹரிசன் ஓடிவந்தார். கறுப்புச் சால்வை, ஒரு காதில் மட்டும் தோடு. “சேர், அந்த இல்லாமைதான் கலை! பார்க்க மறுக்கிற சமூகம்! நேற்று வந்த வெள்ளைக்காரி ஒராள் அழுதே போட்டா!”

“தம்பி, இல்லாமைக்கு இந்தப் படிவத்தில நிரல் இல்லை.”

“கண் குறைஞ்சதாலதான் படம் நிறைஞ்சிருக்கு!”

“அப்ப, குறைவு ஒண்டு, நிறைவு ஒண்டு எண்டு எழுதட்டோ?”

சொல்லிக்கொண்டே பாலசுந்தரம் படத்தின் அடிக்கரையைப் பார்க்கக் குனிந்தார். டப்! வயிற்றுப் பொத்தான் பறந்து, உருண்டு, பீபியின் செருப்படியில் அடங்கியது. வாய்ச்சண்டையில் இருவருக்கும் கேட்கவில்லை. சுற்றறிக்கை ஏழா, பதினேழா என்று அவர்கள் பக்கம் புரட்டி முடிப்பதற்குள், மேசையிலிருந்த பசைப் போத்தல் திறந்து மூடியாயிற்று.

“சேர், வடிவாப் பாருங்கொ. கண்ணு ஈக்குதே!”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வெள்ளை. நாலு ஓட்டை. “ஓம்… சரி.” கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

ஹரிசன் ஒரு கணமும் தடுமாறவில்லை. “பாருங்கோ, சமூகம் கண் திறந்திட்டுது!” என்று போனில் படம் பிடித்தார்.

அப்போதுதான் பாலசுந்தரத்தின் தொப்புளில் காற்றுப் பட்டது.

“ஐயோ! என்ரை பொத்தான் எங்கை?”

“அது லிஸ்ட்ல ஈக்குதா சேர்?”

அவர் லிஸ்ட்டை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தார். பதிவில் இல்லாத சாமான் எப்படிக் குறையும்? இருபது வருடமாக ஊருக்கெல்லாம் அவரே சொல்லி வந்த சட்டம். லிஸ்ட்டை மடித்துத் தொப்புளை மறைத்துக்கொண்டார்.

பீபி பாவம் பார்த்து, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கொடுக்குமுன் ஒரு துண்டுக் கடதாசியில் ‘ஊக்கு ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.