ஈரக் கட்டு

கட்டு மறுபடியும் ஈரமாக இருந்தது.

"தண்ணி படக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள் தோல் மருத்துவர். அதட்டத்தான் நினைத்தாள், கெஞ்சலாக வந்தது.

"வேர்வை, டாக்டரம்மா," என்றார் தையல்காரர், தரையைப் பார்த்து.

அவருடைய ஆள்காட்டி விரலில், ஊசி குத்திய இடத்தில், சிவப்பாக ஒரு கட்டி. ஊசி பிடிக்கும் விரலும் அதுதான்.

"நீங்க தொட்டா ஆறிடும். என் வீட்டுக்காரி காலையே எடுக்கணும்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க. இன்னைக்கு எனக்கு முன்னாடி நடக்குறா. அதுக்கு நான் என்ன செஞ்சு தீர்க்கப் போறேன்?"

"இந்த விரலைக் காப்பாத்திக்குங்க. அது போதும்."

ஊசியின் உலோகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒவ்வாமைக் களிம்பு கொடுத்தாள். கட்டி அதைத் தின்று வளர்ந்ததுபோல் பெருத்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாள். மணிக்கட்டில் கட்டிக்கு ஒரு தம்பி பிறந்தான்.

"வாரம் ஒரு தடவை பத்தாது. தினமும் வாங்க. நானே கட்டுப் போடுறேன்."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "தினமுமா? எனக்காகவா?"

தினமும் வந்தார். கிளினிக் திறக்கும்போதே வாசலில் நிற்பார். வரவேற்பறை இப்போதெல்லாம் பளபளவென்று இருந்தது. அதற்காக வரவேற்பு மேசை அக்காவை டாக்டர் ஒருநாள் பாராட்டினாள். அக்கா நெளிந்தாள்.

முழங்கைக்குக் கீழே மூன்றாவது கட்டி வந்தது. விரல் மடங்க மறுத்தது. தையல்காரர் இடது கையால் பொத்தான் தைத்துப் பார்த்து, சட்டையைத் தன் லுங்கியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

டாக்டர் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். கிருமி ஒன்றும் வளரவில்லை என்று பதில் வந்தது. சொல்ல வேண்டியதைத் தனக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு போன் செய்தாள்.

"கொஞ்சம் சூடு குறைச்சு வளத்துப் பாக்குறீங்களா... முடிஞ்சா?"

வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு வளர்ந்தது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. மீன் தொட்டித் தண்ணீரில் குடியிருக்கும். தோலில் கீறல் கிடைத்தால் உள்ளே வந்துவிடும்.

"வீட்டுல மீன் வளக்குறீங்களா?"

"இல்லீங்க."

"கடையில?"

"தையக்கடையில எதுக்குங்க மீனு?"

"பக்கத்து வீட்டுல?"

"அங்க பூனைங்க." மறுபடியும் தரையைப் பார்த்தார்.

சரியான மாத்திரைகளைத் தொடங்கினாள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை. கைக் கட்டிகள் அமுங்கின. ஆனால் விரலில் புதிதாக ஒன்று முளைத்தது. கிருமி தசைநாரைப் பிடித்துவிட்டால் விரல் நீட்டியபடியே நின்றுவிடும். அப்புறம் அந்தக் கை ஊசி பிடிக்காது.

கூச்சத்தை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கே போனாள். டார்ச் அடித்து டிரம், வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்தாள். அவர் மனைவி ஏணியில் விறுவிறுவென்று ஏறி, மேலேயிருந்த தண்ணீர்த் தொட்டியையும் திறந்து காட்டினாள்.

"பாத்து ஏறுங்க!"

"இது நீங்க குடுத்த காலு, டாக்டரம்மா. வழுக்காது."

ஒரு மீன்குஞ்சுகூட இல்லை.

கிளினிக்குக்குத் திரும்பி வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்தாள். எதிரே கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு மீன்கள், காற்றில் மிதப்பதுபோல அவ்வளவு தெளிவான தண்ணீரில் நீந்தின.

"அக்கா, இந்தத் தொட்டியை என்ன சுத்தமா வச்சிருக்கீங்க! இதைப் பாத்தாத்தான் மனசு ஆறுது. நன்றிக்கா. எனக்குத்தான் அந்த மனுஷன் எங்க போய்க் கையை விடுறார்னு கண்டுபிடிக்கத் துப்பில்ல."

வரவேற்பு மேசை அக்கா எழுந்து நின்றாள்.

"மேடம், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்... சம்சாரம் கால் ஆறினதுக்கு நன்றியா இந்தத் தொட்டியை வாராவாரம் அவர்தான் கழுவிட்டிருந்தார். நீங்க தினமும் வரச் சொன்னதுல இருந்து தினமும் கழுவுறார்."