பெல்மீரோ சுவாமிக்கு நான் கட்டிவைத்த குடும்பம்

நானூறு வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு கத்தோலிக்கக் குருவானவருக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் தேடிக் கொடுத்தவன் நான். பிள்ளைகளில் மூத்தவர் கனடா, அடுத்தவர் சுவிஸ். (கடைசிப் பெண் லண்டன். செய்த பாவத்தை அரைகுறையாகச் சொல்லக்கூடாது.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மருதனார்மடம் சந்தியில் ஓர் அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் வேலை. கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் எல்லாம் அடிப்போம். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது மரண அறிவித்தல்தான். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், தாய் தகப்பன், பெண்சாதி, பிள்ளைகள், அவர்கள் இருக்கிற நாடுகள், பிறகு மைத்துனர்மார். எனக்கு இது மனப்பாடம். "உவன்ரை கை தன்ரை பாட்டிலை ஓடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்வார். எனக்குத் தலைக்கனம் வந்ததில் அவருக்கும் பங்குண்டு.

ஒரு வியாழக்கிழமை காலை திரேசா ரீச்சர் கடைக்கு வந்தார். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கையில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் பெல்மீரோ சுவாமி என்ற போர்த்துக்கீசக் குருவானவரைப் பற்றியது. மதம் பரப்ப வந்த மனிதர், வந்த வேலையைக் கொஞ்சம் மறந்து, குடாநாடு முழுவதும் கால்நடையாகத் திரிந்து கிணறும் குளமும் தெருவும் ஒழுங்கையுமாக ஒரு வரைபடம் கீறியிருக்கிறார். பிறகு வேறொரு தீவைப் பார்க்கப் புறப்பட்டு, கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். தாய்க்குச் செய்தி போய்ச் சேர இரண்டு வருடம் பிடித்ததாம்.

ரீச்சரின் சிக்கல் அதுவல்ல. சுவாமியின் சகோதரி வழியில் வந்த அமேலியா என்ற வயதான அம்மா, சனிக்கிழமை கடற்கரைத் தேவாலயத்தில் நடக்கிற சுவாமியின் நினைவு நாளுக்காகப் போர்த்துக்கல்லிலிருந்து வருகிறார். அவருக்கு ரீச்சர் நான்கு வருடமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும், 'எங்கள் சனம் அவரை இன்னும் மறக்கவில்லை' என்று ஒரு வரி. உண்மை என்னவென்றால், போன வருட நினைவு நாளுக்கு வந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"அந்த மனுசி இவ்வளவு தூரம் வந்து இருக்க ஆளில்லாத வெறும் வாங்குகளைப் பாக்கக்கூடாது தம்பி," என்றார் ரீச்சர். "சனம் வரவேணும். நீர் எப்பிடி அடிச்சாலும் சரி."

அமேலியா அம்மாவைக் கூட்டிவர அன்றே அவர் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். எழுத்துப் பிழை பார்க்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

நான்கு பக்கத்தையும் வாசித்தேன். 'அலைகள் தாலாட்டும் கரையிலே' என்று தொடங்கியிருந்தது. இதை யார் நின்று வாசிப்பார்கள்? எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி மைத்துனர் வரைக்கும் வாசிக்கிற ஒரே இலக்கியம் மரண அறிவித்தல். அப்படியானால் அந்த வடிவத்திலேயே அடித்துவிட்டால்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். (இன்றைக்கும் அது மோசமான யோசனை இல்லை என்றுதான் சொல்வேன். செய்த விதம்தான் பிழை.)

கணினியில் இருந்ததில் வடிவான கறுப்புக் கரை போட்டது, ஒரு மாதத்துக்கு முன் காலமான வட்டுக்கோட்டைச் செல்லத்துரை அவர்களின் அறிவித்தல். அதைத் திறந்து பெயரை மாற்றினேன். 'போர்த்துக்கல்லைப் பிறப்பிடமாகவும், யாழ்ப்பாணத்தை வதிவிடமாகவும் கொண்ட' என்று அடித்தேன். தாய் தகப்பனை மாற்றினேன். நினைவு நாளின் இடமும் நேரமும் போட்டேன். நடுவில் மின்சாரம் நின்றது. நான் போய்த் தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்தபோது வேலை முழுக்க முடிந்துவிட்டது என்று மனசார நம்பினேன்.

வெள்ளி காலையில் மருதனார்மடத்திலிருந்து கோப்பாய் வரைக்கும், அங்கால் வட்டுக்கோட்டை வரைக்கும் ஒட்டியாயிற்று.

சனிக்கிழமை சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு கடற்கரைத் தேவாலயத்துக்குப் போனேன். கிட்டப் போகும்போதே நெஞ்சு நிறைந்தது. வான்கள், ஓட்டோக்கள், மதிலோரம் முழுக்கச் சைக்கிள்கள். இருநூறு பேருக்குக் குறையாது. ஆனால் எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். சிலர் கையில் மலர்வளையம். வாசலில் ஒருவர் என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "எத்தினை மணிக்குத் தம்பி எடுக்கிறது?"

மதிலில் ஒட்டியிருந்ததை ஓடிப்போய் வாசித்தேன்.

'பெல்மீரோ அவர்கள் நேற்றுக் காலமானார். அன்னார் பவளம்மாவின் பாசமிகு கணவரும், ரவி (கனடா), குமார் (சுவிஸ்), சாந்தி (லண்டன்) ஆகியோரின் அன்புத் தந்தையும் ஆவார். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

எங்கள் சனம் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டது. கலியாண வீடென்றால் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு வராமல் விடுவார்கள். செத்த வீட்டுக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது. மூன்று நாடுகளில் பிள்ளைகள் உள்ளவர் எப்படியும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக வருவார் என்று நினைத்தே பாதிப் பேர் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர், "அருமையான மனுசன். போன கிழமையும் சந்தியிலை கண்டு கதைச்சனான்" என்று கண்ணைத் துடைத்தார்.

உள்ளே முதல் வாங்கில் அமேலியா அம்மா. பக்கத்தில் திரேசா ரீச்சர், மடியில் என் அறிவித்தலோடு. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்தப் பவளம்மா ஆர் தம்பி?"

நான் வாயைத் திறக்குமுன், வட்டுக்கோட்டையில் ஒட்டியதை வாசித்துவிட்டு, செல்லத்துரையின் பெண்சாதி பவளம்மாவே வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார். கணவனை இழந்து ஒரு மாதம்தான். சனம் ஒதுங்கி வழி விட்டது. நான் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோப்பு, கரை, மின்சாரம், தேத்தண்ணி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சொல்லியிருப்பேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஒரு மாதக் கண்ணீரில் இருந்த மனுசியின் பெயரைப் பார்க்காமல் விட்டிருந்தேனே.

அவர் என்னைத் திட்டவில்லை. ரீச்சரைப் பார்த்து, உந்தச் சுவாமி ஆர், எப்படிச் செத்தவர் என்று கேட்டார். ரீச்சர் கப்பல், காய்ச்சல், கடல், இரண்டு வருடம் கழித்துத் தாய்க்குப் போன செய்தி எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் கிட்ட வந்து கேட்டார்கள். மலர்வளையம் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே வைக்கவில்லை.

பவளம்மா ரீச்சரின் கையிலிருந்த அறிவித்தலை வாங்கிப் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தார்.

"என்ரை மனுசன்ரை சாவுக்குப் பிள்ளையள் ஒண்டும் வந்து சேரேல்லை," என்றார். "ஃபோனிலை பாத்துத்தான் அழுதவை. எண்டாலும் ஊர் வந்து தூக்கினது. இந்த மனுசனுக்கு அதுவும் இல்லையோ?"

"இல்லை," என்றார் ரீச்சர்.

"பெத்தவளுக்கும் ரண்டு வருசமாத் தெரியாது?"

"தெரியாது."

பவளம்மா நேரே முதல் வாங்குக்குப் போய் அமேலியா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அவரின் கையைப் பிடித்தார். பிறகு அழத் தொடங்கினார். செல்லத்துரைக்கா பெல்மீரோவுக்கா என்று யாரும் கேட்கவில்லை. வந்த பெண்கள் சுற்றி இருந்து அழுதார்கள். அமேலியா அம்மா ரீச்சரிடம் என்னவோ கேட்டார். ரீச்சர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பின்னால் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இவர்கள் எல்லோரும் அவருடைய செத்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றார். நான்கு வருடக் கடிதங்களில் எழுதியதற்கு, அன்றைக்குத்தான் ரீச்சரிடம் சாட்சி இருந்தது.

பெட்டி இல்லாததால் மலர்வளையங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கடலிலேயே விட்டார்கள். வேப்பமரத்தடிப் பெரியவர் முன்னுக்கு நடந்தார். (நெருங்கிய நண்பர் அல்லவா.)

இப்போது அந்த நினைவு நாளுக்கு நேரத்தோடு போகாவிட்டால் வாங்கில் இடம் கிடைக்காது. முதல் வாங்கில் பவளம்மாவுக்கு ஓர் இடம் எப்போதும் விட்டிருக்கும். நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்குப் போர்த்துக்கல்லிலிருந்து வாழ்த்து அட்டை வரும். அவர் பதிலுக்குப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மா அனுப்புவார். அதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. நான் எதை எழுதினாலும், மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதினாலும், அனுப்புமுன் குசினிக்குள் சமைக்கிற மனைவியின் குரல் வரும்: "பெண்சாதியைப் பாத்தாச்சோ?" பிழை திருத்தியாயிற்றா என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல். மகளும் பழகிவிட்டாள். போன கிழமை பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பியை நீட்டி, "பெண்சாதியைப் பாத்திட்டன் ரீச்சர்" என்றிருக்கிறாள். நாளைக்கு என்னை வந்து சந்திக்கச் சொல்லி அந்த ரீச்சர் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறார். போய் நானூறு வருடங்களுக்கு முன்னாலிருந்து தொடங்கவேண்டும்.