இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தீர்களா?

"தண்ணி குடிக்க நின்னீங்களா, ஆள் விசாரிக்க நின்னீங்களா?" என்று கேட்டார் முதல் தண்ணீர் மேஜையில் இருந்த அம்மாள்.

"ரெண்டுக்கும்தான்மா. இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் போயாச்சா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சைக்கிளைச் சரளையில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். அவர் முதுகில் எண்பத்தேழு என்ற எண், ஒரு ஊசி கழன்று படபடத்தது. நூற்றுப்பத்து கிலோமீட்டர் பந்தயம். பாதிக்கு மேல் சரளையும் மண்மேடும். இருபத்தைந்து கிலோமீட்டரிலேயே தொடைகள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தன.

"அவர் போய் இருபது நிமிஷம் ஆச்சு. உங்களுக்கு யாரு?"

"மச்சான். சம்சாரத்தோட தம்பி. ஒரு விஷயம் சொல்லணும்."

"வீட்ல சொல்லக்கூடாதா?"

"வீட்ல பேச்சுவார்த்தை இல்லம்மா."

மூன்று வருடமாக இல்லை. இதே பந்தயத்தில், கடைசியில் வரும் செம்மண் மேட்டில், பின்னால் வந்த மைத்துனன் சறுக்கி விழுந்து, "மாமா!" என்று கத்தினான். தோள் எலும்பு முறிந்த கத்தல். கடைக்காரர் அப்போது பத்தொன்பதாவதாகப் போய்க்கொண்டிருந்தார். முதல் இருபது பேருக்குத்தான் பதக்கம். திரும்பிப் பார்க்காமல் மிதித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "காத்து ஜாஸ்திடா, எனக்குக் கேக்கவே இல்ல" என்றார்.

மைத்துனன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். மூடிய கதவுக்குப் பின்னால் எந்தச் சக்கரம் பொய் சொல்கிறது என்று காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன்பிறகு அக்காவைப் பார்க்க வருவதென்றால், மாமா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவான். பதக்கமோ கடை இழுப்பறையில், உடைந்த கண்ணாடிச் சட்டங்களுக்கு அடியில் கிடந்தது. வெளியே எடுத்துப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு வரவே இல்லை.

இந்த வருடம் தம்பி மறுபடி பெயர் கொடுத்திருப்பதை மனைவிதான் சொன்னாள். "ரோட்டுலயாவது பேசித் தொலைங்களேன்" என்றாள்.

அதற்காகத்தான் நாற்பத்தெட்டு வயதில், தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, அவரும் பெயர் கொடுத்தார். சொல்ல வேண்டியது ஒரே வரி: அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுடா. குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் 'கேட்டுச்சுடா' வரும்போது ஷவரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

அம்மாள் வயர்லெஸ்ஸை எடுத்தார். "எண்பத்தேழாம் நம்பர், உங்க மாமான்னு சொல்லி, அடுத்த மேஜையில நிக்கச் சொல்லட்டுமா?"

கரகரவென்று சத்தம் போனது. கரகரவென்று பதில் வந்தது.

"எதுக்குன்னு கேக்குறாராம்."

"நேர்ல சொல்றேன்னு சொல்லுங்கம்மா."

மறுபடி கரகர.

"அப்ப சாவகாசமா சொல்லட்டும்னுட்டுக் கிளம்பிட்டாராம்."

கடைக்காரருக்குப் பதற்றமாகிவிட்டது. எடை குறைந்தால் வேகம் வரும் என்று, சீட்டுக்குக் கீழே மாட்டியிருந்த பையைக் கழற்றி அம்மாளின் மேஜையில் வைத்தார். சரளையில் சக்கரம் வழுக்காமலிருக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். இரண்டு கிலோமீட்டர் பறந்தார். மூன்றாவதில் ஒரு கூர்க்கல் பின்சக்கரத்தைப் பதம் பார்த்தது. மாற்று ட்யூபும் பம்பும் எங்கே என்று தேடினார். இரண்டும் பைக்குள் இருந்தன. பை அம்மாளிடம் இருந்தது.

காற்றில்லாத சக்கரத்தோடு இறக்கத்தில் விட்டார். சக்கரம் அப்பளமாக வளைந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்கும் காலணியோடு, மண்மேடு ஏறினார். தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் "ஏதாச்சும் உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டே போனார்கள். அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வாட்டியது.

இரண்டாவது மேஜைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அங்கே ஒரு தாடிக்காரர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பன்னெண்டா? கடைசி மேஜையில இருக்கார். இப்பதான் தண்ணி ரொப்பிக்கிட்டிருக்கார்."

"குடுங்க, நானே பேசுறேன்."

"போட்டிக்காரங்க பேசக்கூடாது சார். சொல்லுங்க, நான் சொல்றேன்."

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஷவர் சத்தத்துக்கு நடுவே சொன்னதை, முன்பின் தெரியாத ஒருவர் வாழைப்பழக் கையோடு கேட்கப் போகிறார்.

"அன்னைக்கு அவன் விழுந்தப்போ நான் நிக்கல. தப்புதான்னு சொல்லுங்க."

தாடிக்காரர் வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி, "எண்பத்தேழு சொல்றாரு..." என்று வயர்லெஸ்ஸில் உரக்கச் சொல்லத் தொடங்கினார். நடுவில் 'கீக்' என்று ஒரு சத்தம்.

"பேட்டரி போச்சு சார். பாதி போயிருக்கும்."

"எந்தப் பாதி?"

"அது தெரியல."

அப்போதுதான் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிளம்பியது. பந்தயப் பாதை வழியாகவே முடிவுக் கோட்டுக்குப் போகிறதாம். ஏறினால் பந்தயத்திலிருந்து பெயர் அடிபடும் என்றார் தாடிக்காரர்.

"அடிபடட்டும்" என்று கடைக்காரர் ஏறினார். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வார்த்தை வாயில் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

வழியில் முக்கிக்கொண்டு ஏறுகிறவர்களைத் தாண்டும்போதெல்லாம், வெட்கத்தில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் எதிர்த்தாப்ல தலைதெறிக்க இறங்கி வர்றான்" என்றார் டிரைவர். "முடியலன்னு விட்டுட்டான் போல."

"பாவம்" என்றார் கடைக்காரர், தார்ப்பாய்க்குள்ளிருந்தே.

முடிவுக் கோட்டுக்கருகில் இறங்கி, கயிற்றை ஒட்டி நின்றார். பத்துப் பேர் வந்தார்கள். பதினைந்து, இருபது. இருபதாவதாக வந்தவன் கையைத் தூக்கிக் கத்தியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பதாவது ஆளும் வந்தான். உதடு அந்த ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கேட்க வேண்டியவனைக் காணோம்.

கடைசியில், வந்தவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார்.

"இருநூத்திப் பன்னெண்டு வந்தாச்சாம்மா?"

அவள் தாளிலிருந்து நிமிரவில்லை.

"பதினஞ்சாவதா வந்துக்கிட்டிருந்தவர் சார், எண்பத்தேழு விழுந்துட்டாரு, நிக்க முடியலன்னு வயர்லெஸ்ல வந்ததும், 'அய்யோ எங்க மாமா'ன்னு வந்த வழியே திரும்பிட்டாராம், இன்னும் கடைசி மேஜைக்குக் கீழ ஒவ்வொரு பள்ளமா எறங்கிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காராம்."