அம்மாவுக்கு நாற்பது மதிப்பெண்

நகராட்சி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'படிவம்'. எதற்கெடுத்தாலும் ஒரு படிவம் அடித்து நீட்டிவிடுவார். படித்த பிள்ளைகள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் இந்த வருஷம் அவர் வேலை. ஊரார் பிள்ளைகள் போனபோது அவர் அசரவில்லை. பட்டம் வாங்கிய சூட்டோடு சொந்த மகளே பெருநகரத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் அசந்துபோனார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

'போகாதே' என்று சொல்லும் தைரியம் கிடையாது. ஆகவே படிவம் அடித்தார். தலைப்பு: 'பட்டதாரிகள் மட்டும் நிரப்பவும்.' எந்த ஊருக்கு மதிப்பெண் கூடுதலோ அந்த ஊரில்தான் இருக்க வேண்டும். சம்பளத்துக்குப் பத்து. பொழுதுபோக்குக்கு ஐந்து. அம்மா பக்கத்தில் இருப்பதற்கு நாற்பது. அம்மா எங்கே போய்விடப் போகிறாள்? மீசையைத் தடவிக்கொண்டார்.

மகள் மளமளவென்று நிரப்பிக் கொடுத்தாள். "படிவம் என்ன சொல்லுதோ அதான்பா."

அடுப்படியிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கும் ஒண்ணு குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"நானும் பட்டதாரிதானே. கணக்குல பட்டம் வாங்குனேன். அப்புறம் இருபத்தஞ்சு வருஷமா இங்க பட்டுக்கிட்டேதானே இருக்கேன்."

பட்டம் என்று பேச்செடுத்தாலே அவர் பேச்சை மாற்றிவிடுவார். சட்டென்று ஒரு படிவத்தை நீட்டினார்.

'இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்பது முதல் கேள்வி. 'நான் எங்க தேர்ந்தெடுத்தேன்? கட்டிக் குடுத்தாங்க' என்று எழுதினாள். அவருக்குச் சுருக்கென்றது.

"அவ படிவத்துல கூட்டல் தப்புங்க" என்றாள் அடுத்து.

"எங்க தப்பு?"

"அம்மாவோட நாப்பதை அந்த ஊருக்குப் போடுங்க. அவ ஆபீஸ் பக்கத்து ஸ்கூல்ல எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்."

மகள் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி எடுக்கப் போய்விட்டாள்.

"அப்போ எனக்கு எத்தனை மார்க்?"

"அப்பான்னு ஒரு வரியே நீங்க போடலியே."

நியாயம்தான். தன்னைச் சேர்த்தால் ஊருக்கு மதிப்பெண் கூடுமா, குறையுமா என்ற சந்தேகத்தில் அவரேதான் விட்டுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, நானும் மாற்றல் வாங்கிட்டு வந்துடறேன். எனக்கும் ஒரு படிவம் எடு."

மனைவி தலைப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"பட்டதாரிகள் மட்டும்னு போட்டிருக்கீங்க. உங்களுக்குத்தான் புள்ளியியல்ல இன்னும் ஒரு அரியர் இருக்கே."