ஆலை முழுக்க அண்ணன் தம்பி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. தையல் ஆலைக்கு நாம் பித்தான் கொடுக்கும் ஒப்பந்தத்தைச் செவ்வாய்க்கிழமை நிறுத்திவைத்துவிட்டார்கள். காரணம் என் பேச்சு. மற்றபடி நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆலையில் எல்லாரும் வேற்று மொழிக்காரர்கள். வாசல் காவலரை அவர்கள் மொழியில் அண்ணன் என்று அழைத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன், அவரும் என்னை வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அனுப்பினார், மரியாதைக்கு மரியாதை என்று நானும் நடந்தேன். அவர்கள் பேச்சில் அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் மட்டும்தானாம். மனுஷன் ஏதோ விட்டுப்போன சொந்தம் என்று எண்ணி, பதிவேட்டில் ‘ஊழியரின் உறவினர்’ என்று எழுதிவிட்டார். உள்ளே கணக்கரைத் தம்பி என்றேன், கொள்முதல் அதிகாரியை அக்கா என்றேன், வரவேற்பறைப் பெண்ணை அம்மா என்றேன். எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு, எனக்கு அறுபத்தொன்று. அதையாவது யோசித்திருக்க வேண்டாமா? ஊழியரின் உறவினரிடம் சரக்கு வாங்கக் கூடாது என்பது ஆலை விதி.

போன் செய்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “மாமா, தமிழ்ல யோசிச்சு அவங்க மொழியில பேசாதீங்க. சும்மா இருங்க, நான் வந்து பேசிக்கிறேன்.” வேறு எதில் யோசிப்பது, மாப்பிள்ளை? முப்பது வருஷமாக இந்த வாயை வைத்துத்தானே கடை நடக்கிறது!

மறுநாளே மேலாளர் எதிரில் போய் உட்கார்ந்தேன். “எங்க பேச்சுல ஒருத்தர உறவு சொல்லிக் கூப்பிடலைன்னா, அவர்மேல கோபம்னு அர்த்தம்” என்று அவர்கள் மொழியிலேயே அடித்துச் சொன்னேன்.

“அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?”

“முதல்ல விலையைச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்.”

சிரித்துவிட்டார். பதிவேட்டில் நான்கு வரியையும் அவரே அடித்தார்.

ஆகவே லீவு போட்டு வரவேண்டாம். எவருக்காகவும் என் நாக்கை மாற்றிக்கொள்வதாக இல்லை. மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கேட்ட விலையே கிடைத்தது. ஓராண்டுக்கு மாதம் நாற்பது பெட்டி. ஆலைக்குள் யாரையும் உறவு சொல்லி அழைக்கக் கூடாது, அழைத்தால் தடவைக்கு ஒரு பெட்டி இலவசம் என்று ஒரு வரி சேர்த்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசலுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே முதல் மாத பில் முப்பத்தேழு பெட்டிக்கு இறங்கிவிட்டது.