நாற்பது ஜோடிக் காதுகள்

நாற்பது காதுமூடிகளில் நான்குதான் காதில் இருந்தன. மீதியில் ஒன்று ஃபோர்மேனின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கியது. ஒன்றின் மேல் டீ டம்ளர் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றைத் தலையணையாக்கிக்கொண்டு ஒரு பூனை தூங்கியது.

தகர டப்பா செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி பூனையை மட்டும் எழுப்பவில்லை. அதற்காவது உபயோகப்படுகிறதே!

“மூடியப் போட்டா என்னண்ணே?” என்று பிரஸ் மெஷின்காரரிடம் கத்திக் கேட்டார்.

“போட்டோவா? நாளைக்கு ஷேவ் பண்ணிட்டு வரேன் மேடம்!”

போன வாரம் அவருடைய மகள் ஃபோனில், “அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க” என்றாளாம். “சாப்டாச்சும்மா” என்று இவர் வைத்துவிட்டாராம். பட்டறையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் சுவரில் எழுதி ஒட்டினார்: ‘காதைக் காப்போம், காலமெல்லாம் கேட்போம்.’ மறுநாள் அதற்கு அடியில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: ‘யார் பேச்சை? பொண்டாட்டி பேச்சையா?’

காது எப்படிக் கெடுகிறது என்று படம் போட்டுக் காட்டினார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள்.

காதுப் பரிசோதனை வைத்தார். மணி அடிப்பதற்கு முன்பே “கேக்குது, கேக்குது!” என்று நாற்பது பேரும் தேறிவிட்டார்கள். “அதான் நல்லா கேக்குதே, அப்புறம் எதுக்கு மூடி?” என்று, அதுவரை போட்டிருந்த நான்கு பேரும் கழற்றி வைத்துவிட்டார்கள்.

“மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் இந்தப் பிரசாரத்தையெல்லாம் மூட்ட கட்டிடுங்க” என்றார் மேனேஜர்.

ஒரு வாரம் மேடம் வாயே திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒலிபெருக்கியில் திறந்தார்.

“காதே காதே, கண்ணே காதே! கவசமில்லா வேலை ஏதே!”

தகரத்தை ஆணியால் கீறினாற்போல் இருந்தது குரல். பிரஸ் மெஷின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது. அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பூனை அன்றைக்கே வேறு இடம் பார்த்துக்கொண்டது.

செவ்வாயன்று பத்துக் காதுமூடிகள் காதுக்கு ஏறின. வியாழனன்று முப்பது. சனிக்கிழமை மேனேஜர் வந்து எண்ணினார். நாற்பதுக்கு நாற்பது! அவரே ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, மேடத்தின் கையைக் குலுக்கினார்.

“சாயங்காலமானா காதுல ‘ஙொய்’னு ஒரு சத்தம் இருக்குமே, அது இப்ப இல்ல மேடம்” என்றார் பிரஸ் மெஷின்காரர். மூன்று வாரத்தில் முதல்முறையாக மேடம் சிரித்தார்.

ஃபோர்மேனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து வாசலுக்கு வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கருத்துக்காக யாரும் போடல. உங்க பாட்டுக்குப் பயந்துதான்...”

“அப்படியா?” என்று மேடம் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின.

அழுகிறாரோ என்று பதறிப்போன ஃபோர்மேன், மேடத்தை அழைத்துப்போக வந்திருந்த தங்கையிடம் ஓடினார்.

“ஏம்மா, அக்காவ யாரும் பாட விடாதீங்கம்மா!”

“ஐயோ, வீட்ல அவ பாட்டு டீச்சருங்க! சுருதி கொஞ்சம்கூட சேராம அந்த ஒரு பாட்டப் பாடறதுக்குத்தான், பாவம், ஒரு வாரம் ராப்பகலா சாதகம் பண்ணா!”