டிசம்பர் மாத அருவியும் தங்கள் முதுகும்

பிள்ளையார் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
16.3.1983, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய முத்துக்குமாரு ஐயா அவர்களுக்கு,

சண்முகரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், மனைவி மீனலோசனி, மகள் பூமணி மூவரும் சுகம். குளியலறையும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், முக்கியமாகத் தங்கள் முதுகின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கீழே தெருவில் நின்று தாங்கள் சொன்ன வார்த்தைகள் ஞாபகத்துக்கு வந்ததால் ‘ஐயா’ என்று மாற்றிக்கொண்டேன். தாங்கள் திங்கட்கிழமையே பஸ் ஏறி பந்திங்கில் உள்ள தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த குணபூசணி அக்கா சொன்னார். எங்கள்மேல் கோபம் என்றால் எங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கலாம். கிள்ளானில் இருக்கும் சொந்த வீட்டை விட்டு ஏன் போனீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எப்படியும் கடிதத்தை பந்திங் விலாசத்துக்கே அனுப்புகிறேன். மீனலோசனி காலையில் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவள் இன்னும் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லாததால் உண்மையை மட்டும் எழுத முடிகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் குணபூசணி அக்காதான். பெண் பார்க்கும் நாளைச் சொல்ல வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒண்டு சொல்ல மறந்துபோனன். அவர் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுசன். பொம்பிளையப் பாக்கிறதுக்கு முந்தி பாத்ரூமைத்தான் பாப்பார். மூண்டு வீட்டில கால் கழுவ உள்ள போனவர், வெளிய வந்து கோப்பி குடிக்காமலே போயிட்டார்” என்றார். ஐயா, அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை. எங்கள் குளியலறையைத் தாங்கள் அதன் பழைய கோலத்தில் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. சுவரில் சுண்ணாம்பு உரிந்து உரிந்து, பாசி பிடித்து, மலேசியா வரைபடம் போலவே ஆகியிருந்தது, சபா சரவாக் உட்பட. வீட்டுக்காரரோ ஆணி அடிக்கக்கூடாது, பெயிண்ட் அடிக்கக்கூடாது, காலி செய்யும்போது வீடு நாங்கள் வந்த அன்றைக்கு இருந்ததுபோலவே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியவர். அந்தப் பாசியையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆகவே செலவும் இல்லாமல், சுவருக்கும் வலிக்காமல், பிறகு உரித்துவிடக்கூடியதாக ஏதாவது செய்ய வேண்டியதாயிற்று. பூமணி மட்டும், “அப்பா, இருக்கிற மாதிரியே விடுங்கோ. கழுவி விட்டாப் போதும்” என்றாள். பெண்ணைப் பெற்றவன் அப்படி விட முடியுமா?

காலண்டர் படங்களை ஒட்டி மறைக்கலாம் என்பது என் யோசனை. வீட்டில் பதினொரு காலண்டர் இருந்தன. ஒன்றில் முருகன், ஒன்றில் லட்சுமி, ஒன்றில் பிள்ளையார், மற்றதிலெல்லாம் திரும்பவும் முருகன். நான் ஒன்றைக் கையில் எடுத்ததுமே மீனலோசனி பத்திரகாளி ஆனாள். “இஞ்சேருங்கோ, முருகன் பாத்துக்கொண்டிருக்க நாங்கள் குளிக்கிறதோ? உங்களுக்கு மூளை கீளை இருக்கா?” என்றாள். சாமி இல்லாத காலண்டருக்காக பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். நகைக்கடை, மளிகைக்கடை, பஞ்சாங்கக்கடை எல்லா இடத்திலும் சாமி. ஒரு துணிக்கடையில் மட்டும் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படம் கிடைத்தது. சாமி இல்லையே என்று ஆசையாகக் கொண்டுபோனால், “நீங்கள் குளிக்கேக்க இவள் என்னத்துக்குச் சிரிக்கிறாள்?” என்று வாங்கிக் கிழித்துவிட்டாள்.

அப்போதுதான் லோரி ஓட்டும் வேலாயுதம் வந்து சேர்ந்தான். கிள்ளானில் கடைகளுக்குப் பலகை ஏற்றிப் போகிறவன். என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு சீனர் கடைக்குப் பலகை போடுறேன் அண்ணே. காலண்டர் அடிச்சு வச்சிருக்காரு, ஒருத்தனும் வாங்கிக்க மாட்டேங்கிறான். முப்பது கிடக்கு. சும்மா எடுத்துக்கங்க லா” என்றான். என்ன கடை என்று கேட்டேன். மரச்சாமான் கடை என்றான். மறுநாள் கட்டாகக் கொண்டுவந்து போட்டான். ஐயா, என்ன படங்கள்! ஜனவரியில் மலை, பிப்ரவரியில் மூங்கில் காடு, டிசம்பரில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து விழுகிற அருவி. கீழே சிவப்பில் நாலு சீன எழுத்து. இவ்வளவு அழகான காலண்டரை யாரும் வாங்கவில்லையே, சீனர்களுக்கு ரசனையே இல்லாமல் போய்விட்டதே என்று நான் மீனலோசனியிடம் வருத்தப்பட்டேன். அவளும் வருத்தப்பட்டாள். கோதுமை மாவில் பசை காய்ச்சி இருவரும் மூன்று நாள் ஒட்டினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அருவி வருகிறாற்போல் டிசம்பரை வரிசையாக ஒட்டச் சொன்னதும் நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மீனலோசனி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் திரை வாங்கி வந்தாள், நீலத்தில் மீன் போட்டது. கட்டுவதற்குக் கயிறு வேண்டும், கயிற்றுக்கு ஆணி வேண்டும், ஆணி கூடாது. ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினேன். மறுமுனைக்கு ஒன்றும் அகப்படவில்லை, மேலே இருக்கும் ஃபிளஷ் தொட்டியின் சங்கிலியைத் தவிர. அதில் கட்டியதிலிருந்து திரையை இழுத்தால் தொட்டி ‘ஹோ’வென்று கொட்டும். நாங்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் மெல்ல நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதைப் பெண் பார்க்க வருகிறவருக்கு எப்படிச் சொல்வது? சன்னல் திட்டில் மைலோ டின்னுக்குத் தங்கத்தாள் சுற்றி பிளாஸ்டிக் ரோஜா வைத்ததும் மீனலோசனிதான். காற்றில் சாயாமல் இருக்க டின்னில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாங்களும் தங்கள் துணைவியார் லெட்சுமி அம்மையாரும் மாப்பிள்ளை வாசு தம்பியும் சரியாக நாலு மணிக்கு வந்தீர்கள். தாங்கள் கேட்ட முதல் கேள்வி, “பாத்ரூம் எந்தப் பக்கம்?” மீனலோசனி கோயில் வாசலைக் காட்டுவதுபோல் கையைக் காட்டினாள். பிறகு நடந்ததைத் தாங்கள் உள்ளேயிருந்து பார்த்தீர்கள், நாங்கள் வெளியேயிருந்து கேட்டோம். தொட்டி ஒரு தடவை கொட்டியது. நிரம்பி இன்னொரு தடவை கொட்டியது. லெட்சுமி அம்மையார் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார், வாசு தம்பி எங்கள் மின்விசிறியை உற்றுப் பார்த்தார். மூன்றாவது தடவை கொட்டியதும் மீனலோசனி என் காதில், “பாவம், மனுசனுக்கு வயிறு சரியில்லைப் போல. கோப்பியில பால் குறைக்கட்டே?” என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தாங்கள் மைலோ டின்னோடு வெளியே வந்தீர்கள். அதை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “இதுல ஒன்பது கொசுப்புழு இருக்கு” என்று சொன்னீர்கள். எண்ணியே விட்டீர்களே என்று எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. பிறகு டின்னைச் சன்னல் வழியாகக் கொட்டினீர்கள். கீழே யாரோ கத்தினார்கள். நான் கேளாததுபோல் இருந்தேன்.

ஆனாலும் தாங்கள் காப்பி குடித்தீர்கள் ஐயா! அதை மறுக்க முடியாது. பிரம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டாவது வடையும் எடுத்தீர்கள். பூமணியிடம் எந்த ஆபீசில் டைப்பிஸ்ட், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்றெல்லாம் கேட்டீர்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “முடிவைச் சொல்லி அனுப்புறோம்” என்று மரியாதையாக எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினீர்கள். தங்கள் வெள்ளைப் புஷ் சட்டையின் முதுகு முழுக்க டிசம்பர் மாத அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலைத் தூக்கிக் கழுவும்போது சுவரில் சாய்ந்திருக்கிறீர்கள். நாங்கள் ஒட்டிய பசை சுவரைவிடச் சட்டையைத்தான் விரும்பியிருக்கிறது. பிறகு நாற்காலியிலும் சாய்ந்ததில் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

வாசலில் நான் தங்களை இறுகக் கட்டிப்பிடித்தேன். தாங்கள் திடுக்கிட்டதையும், “சரி, சரி, இருக்கட்டும்” என்று என் தோளைத் தட்டியதையும் மறக்கமாட்டேன். இன்று மனம் திறந்து சொல்கிறேன், அது அன்பினால் அல்ல. பின்னால் கைவிட்டு உரித்துவிடலாம் என்று பார்த்தேன். மலையும் மேகமும் கையோடு வந்துவிட்டன. அருவியின் அடிப்பாகமும் அந்த நாலு சீன எழுத்தும் வரவில்லை. இன்னொரு தடவை கட்டிப்பிடித்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் பூமணியிடமிருந்து ஒரு சத்தம் வந்ததே, அது சிரிப்பு என்று தாங்கள் நினைத்திருந்தால் தயவுசெய்து மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருமல். சிறுவயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சுச்சளி உண்டு.

கீழே காப்பிக்கடைச் சீனர் தங்கள் முதுகைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “அங்கிள், சியாப்பா மாத்தி?” என்று, யார் செத்துப் போனது என்று மலாயில் கேட்டார். தாங்கள் யாரும் சாகவில்லை என்றீர்கள். அவர் தங்கள் முதுகைத் தட்டி அந்த நாலு எழுத்தையும் படித்துக் காட்டி, அது கிள்ளானில் பேர்போன சவப்பெட்டிக் கடை என்றும், தன் அப்பாவுக்கும் அங்கேதான் வாங்கியதாகவும், சாமான் மிகவும் உறுதி என்றும் சொன்னார். தெருவே நின்று கேட்டது. தாங்கள் மாடியைப் பார்த்து, “பொண்ணு பாக்கக் கூப்பிட்டீங்களா, என்னைப் பொட்டலம் கட்டக் கூப்பிட்டீங்களா?” என்று போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் காதைப் பிடித்தேன். “என்ன மரச்சாமான்னு நீங்க கேக்கலையே அண்ணே” என்கிறான்.

ஐயா, இனி விளையாட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பூமணி இதற்கு முன் வந்த நாலு பேரையும் வேண்டாம் என்று சொன்னவள். இருபத்தாறு வயதாகிறது. நாங்களும் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குக் கிளம்பும்போது, “அப்பா, கிள்ளான்ல இருந்து ஏதும் சேதி வந்ததா?” என்று கேட்டாள். ஒரு மாப்பிள்ளை வீட்டுச் சேதியை அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். இன்றைக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் கேட்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. பசை காய்ச்சியது நான், படத்தைத் தேர்ந்தது நான், கயிறு கட்டியது நான். அவள் கழுவி விட்டால் போதும் என்றுதான் சொன்னாள். கோபம் என்மேல் இருக்கட்டும், எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவள்மேல் வேண்டாம். வாசு தம்பியின் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். குளியலறையை இனி ஒருநாளும் அலங்கரிக்கமாட்டேன் என்று எழுத்தில் கொடுக்கிறேன். மிச்சம் இருந்த காலண்டர்களைக் கொளுத்திவிடச் சொல்லி மீனலோசனியிடம் கொடுத்துவிட்டேன். அவளும் இன்று காலை ஒரு பெரிய பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

தங்களுக்கும் தங்கள் தம்பி குடும்பத்துக்கும் எல்லா நலனும் பெருக வேண்டும் என்றும், தாங்கள் நூறு வயது தாண்டி, எந்தக் கடைக்கும் வேலை வைக்காமல் வாழ வேண்டும் என்றும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
க. சண்முகரத்தினம்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மீனலோசனி வந்துவிட்டாள். தலைமுடியில் பசை. பாசாருக்குப் போகவில்லையாம், கிள்ளானில் தங்கள் வீட்டிலிருந்து வருகிறாளாம். நேற்று மாலை வீட்டுக்காரரின் போனில் லெட்சுமி அம்மையார் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காரில் கிள்ளான் போய்ச் சேரும்வரை அம்மையாருக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லையாம், அதனால்தான் தாங்கள் பந்திங் போனீர்களாம். வாசு தம்பி, “அது இருமல் இல்லைன்னு எனக்குத் தெரியும் ஆன்டி. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன், அவங்களால அடக்க முடியலை. அப்பவே முடிவு பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். சித்திரையில் நிச்சயதார்த்தம் என்று இரண்டு அம்மாமாரும் நாள் குறித்துவிட்டார்கள். பூமணிக்கு நேற்றே தெரியுமாம், அதனால்தான் இன்றைக்குக் கேட்கவில்லை. என்னிடமும் தங்களிடமும் சொல்லத்தான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. ஆனால் தபால்தலை ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று. லெட்சுமி அம்மையார், “முப்பது வருசமா ஊர் பாத்ரூம் எல்லாம் பாத்தார், எங்கட சுவரை ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை” என்று சொல்லி மிச்சக் காலண்டர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். மீனலோசனி கடைப்பெயரைக் கத்தரியால் நறுக்கிவிட்டு ஒட்டியிருக்கிறாள். இந்த யோசனை நம் வீட்டில் ஏன் வரவில்லை என்று கேட்டேன், என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தி, தாங்கள் சனிக்கிழமை வீடு திரும்பினால் கால் கழுவும்போது தயவுசெய்து சுவரில் சாயாதீர்கள். பசை அதற்குள் காய்ந்துவிடும் என்று மீனலோசனி சொல்கிறாள். இங்கேயும் அப்படித்தான் சொன்னாள்.